மூட்டு வலிக்குப் போனால் மனசுக்கு மாத்திரையா?

"ஏம்மா, இந்த கேப்சூல் எதுக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன். மெடிக்கல் ஷாப்காரர் பில் போடும்போதே என்னை ஒரு மாதிரி பார்த்தாரு."

மருமகள் அட்டைக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். முகம் மாறியது. "அத்தை... இது டிப்ரஷனுக்குக் கொடுக்கிற மருந்துன்னு போட்டிருக்கு."

அவ்வளவுதான்! அறுபது வயது அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முட்டி வலிக்குதுன்னு எட்டு வருஷமா சொல்றேன். கடைசியில எனக்குப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாங்களா? நான் வலிக்குதுன்னு நடிக்கிறேனா?"

அந்த அட்டை அன்றைக்கே சாமி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. வலி மட்டும் போகவில்லை. டாக்டரிடம் திரும்பிப் போகவும் மனசில்லை. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று வலி மாத்திரை ஒன்றைக் கடையிலேயே கேட்டு வாங்கி, காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று போட ஆரம்பித்தார். மூன்றே வாரத்தில் வயிற்றில் எரிச்சல், காலில் வீக்கம். கட்டுக்குள் இருந்த பிளட் பிரஷர் எகிறிவிட்டது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. பல வீடுகளில் நடப்பதை ஒரே காட்சியாகச் சொல்லியிருக்கிறோம். மூட்டு வலிக்காரர்களுக்கு டாக்டர்கள் மனச்சோர்வு மாத்திரை எழுதுவது இன்று சகஜம். ஆனால் 'ஏன் எழுதுகிறேன்' என்று இரண்டு நிமிடம் விளக்கிச் சொல்ல, கூட்டம் நிறைந்த கிளினிக்கில் நேரம் இருப்பதில்லை. அந்த இரண்டு நிமிடப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பேசப் போகிறோம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் இந்த மாத்திரையை எழுதினார் என்றால், 'உங்கள் வலி பொய்' என்று அர்த்தம் இல்லை. வலி நிஜம்தான் என்று நம்புவதால்தான் எழுதுகிறார்.

வலி முட்டியிலா, மூளையிலா?

வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். அம்மாவுக்கு முட்டி வலி. ஆனால் மூன்று நாளும் மண்டபத்துக்கும் சமையல்கட்டுக்கும் எத்தனை நடை நடந்திருப்பார்! அப்போது வலி பெரிதாகத் தெரியவில்லை. கடைசி விருந்தாளியை பஸ் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாரோ இல்லையோ, எழுந்திருக்கவே முடியவில்லை.

மூன்று நாளாக முட்டித் தேய்மானம் எங்கே போயிருந்தது? எங்கேயும் போகவில்லை. முட்டியில் இருந்து சேதி போய்க்கொண்டேதான் இருந்தது. அதை மூளை அமுக்கி வைத்திருந்தது.

மூட்டில் இருந்து கிளம்பும் வலிச் சேதி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. இது மேலே போகும் பாதை. இதைப் போலவே மூளையில் இருந்து தண்டுவடத்துக்குக் கீழே இறங்கும் பாதை ஒன்றும் உண்டு. அதன் வேலை, மேலே வரும் வலிச் சேதியின் சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது. ரேடியோவில் வால்யூம் திருகும் குமிழ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தண்டுவடத்தில் இப்படி ஒரு 'வாசல்' இருக்க வேண்டும் என்று 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதினார்கள். வலியைப் பற்றிய மருத்துவப் பார்வையையே அது மாற்றிவிட்டது.

கீழே இறங்கும் பாதையில் சத்தத்தைக் குறைக்கப் பயன்படும் ரசாயனங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று செரடோனின், இன்னொன்று நார்அட்ரினலின். நம் மனநிலை, தூக்கம், சுறுசுறுப்பு இவற்றில் பங்கு வகிப்பவையும் இதே இரண்டும்தான்! மனச்சோர்வுக்கான பல மாத்திரைகள் வேலை செய்வதும் இவற்றின் மேல்தான். ஆக, ஒரே சாவி இரண்டு பூட்டைத் திறக்கிறது. மாத்திரை மாறிப் போய்விடவில்லை.

வருடக்கணக்கில் வலி இருந்தால் இந்தக் குமிழ் உச்சத்திலேயே மாட்டிக்கொள்வது உண்டு. எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சமாகத் தெரியும்; வலியோ உயிர் போகும். வேறு சிலருக்கு எக்ஸ்ரே மோசமாக இருக்கும். ஆள் ஜம்மென்று நடப்பார். காரணங்களில் இதுவும் ஒன்று.

தற்செயலாய் வந்த மருந்து

இந்த மருந்துகள் வந்த கதையே சுவாரஸ்யம். 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சோர்ந்து படுத்திருந்தவர்களில் பலர் உற்சாகமாகிவிட்டார்கள். மனச்சோர்வுக்கு மருந்து உண்டு என்ற எண்ணம் அங்கேதான் முளைவிட்டது. 1957-ல் சுவிட்சர்லாந்து டாக்டர் ரோலண்ட் குன், இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைக்கிறது என்று எழுதினார். 1961-ல் அமிட்ரிப்டிலின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இவற்றை மனச்சோர்வுக்குக் கொடுத்த டாக்டர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள். நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு வலியும் குறைந்தது. மனச்சோர்வே இல்லாத சிலருக்கும் குறைந்தது. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த டோஸிலேயே, அதைவிடச் சீக்கிரமாகவே குறைந்தது. 'மனசு தேறியதால் வலி தேறியது' என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. வலிக்கென்று இவற்றுக்குத் தனி வேலையும் இருக்கிறது.

வலியும் மனசும் ஒன்றையொன்று துரத்தும்போது

அதற்காக மனசுக்கு இதில் பங்கே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள்.

முட்டி வலித்தால் ராத்திரி புரண்டு படுக்க முடியாது. தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி அதிகமாகத் தெரியும். வலிக்கிறதே என்று கோயிலுக்குப் போவது நிற்கும். பிறகு கல்யாணம் காட்சி, அக்கம்பக்கம் எல்லாம் நிற்கும். நடக்காமல் தொடைத் தசை இளைக்கும். தசை இளைத்தால் முட்டிக்குப் பாரம் கூடும். 'எல்லோருக்கும் பாரமா ஆயிட்டோமே' என்ற எண்ணம் வந்து உட்காரும். சுற்றிச் சுற்றி அதே வட்டம்.

ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் எனப்படும் வாத நோயில் இது இன்னும் அதிகம். இந்த நோயாளிகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. மூட்டை வீங்க வைக்கும் அழற்சி ரசாயனங்கள் மூளையையும் தொடுகின்றன என்பது ஒரு காரணம். வலியும் முடக்கமும் மற்றொன்று.

நம் வீடுகளில் யாரும் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. 'உடம்பெல்லாம் அசதி', 'சாப்பாடு இறங்கலை', 'நெஞ்சு பாரமா இருக்கு' என்றுதான் சொல்வார்கள். எனவே கீழ்க்கண்டவை இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் இருந்தால் கவனியுங்கள்:

* பிடித்த விஷயத்தில்கூட ஆர்வம் இல்லாமல் போவது. பேரக் குழந்தை வந்தாலும் முகம் மலராதது.
* விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, பிறகு தூக்கம் பிடிக்காதது.
* பசி குறைவது, எடை இறங்குவது.
* சின்ன விஷயத்துக்கும் அழுகை அல்லது எரிச்சல்.
* 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு.

கடைசியாகச் சொன்னதை மட்டும், இரண்டு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

எந்த மருந்து, எதற்கு?

டாக்டர்கள் இதில் பெரும்பாலும் மூன்று வகையைப் பயன்படுத்துகிறார்கள்.

அமிட்ரிப்டிலின்: பழைய மருந்து, விலை குறைவு. வலிக்காக என்றால் ராத்திரி 10 மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள். மனச்சோர்வுக்கான டோஸோ 75 மில்லிகிராம், அதற்கும் மேலே. இதில் இருந்தே தெரியவில்லையா, 10 மில்லிகிராம் எழுதியவர் உங்களுக்கு 'மனநோய்' என்று நினைத்து எழுதவில்லை என்று! நரம்பு வலிக்கும், ஃபைப்ரோமயால்ஜியா என்ற உடல் முழுக்க வலிக்கும் நோய்க்கும், வலியால் கெட்ட தூக்கத்துக்கும் இதைக் கொடுப்பது வழக்கம்.

டுலாக்ஸிடின்: செரடோனின், நார்அட்ரினலின் இரண்டையும் தொடும் கேப்சூல். முதலில் 30 மில்லிகிராம், பிறகு 60 என்று ஏற்றுவார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-ல் இதை மனச்சோர்வுக்கும் சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கும் அனுமதித்தது, 2008-ல் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு, 2010-ல் முட்டித் தேய்மானம், முதுகு வலி போன்ற நாள்பட்ட வலிகளுக்கு. நம் அத்தைக்கு எழுதியது இதைத்தான். மனசு, வலி இரண்டுக்குமே அனுமதி பெற்ற மருந்து. காகிதத்தில் முதல் வரியை மட்டும் படித்ததுதான் வினை!

செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸிடின் வகை: இவை முக்கியமாகச் செரடோனினைத் தொடுபவை. வலியின் மேல் நேரடி வேலை குறைவு. மூட்டு நோயோடு நிஜமாகவே மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் இவை கைகொடுக்கும். அப்படி எழுதினாலும் வெட்கப்பட எதுவும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுவது மாதிரிதான்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இங்கே உண்மையைச் சொல்லிவிடுவோம். இது மந்திர மாத்திரை இல்லை.

உலகெங்கும் நடந்த மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் 'காக்ரேன்' அமைப்பு, நாள்பட்ட வலிக்கு மனச்சோர்வு மருந்துகள் எவ்வளவு உதவுகின்றன என்று 2023-ல் ஓர் அறிக்கை தந்தது. அதில் 176 ஆய்வுகளைப் பரிசீலித்திருந்தார்கள். டுலாக்ஸிடினுக்குத்தான் நம்பகமான சான்று அதிகம். 60 மில்லிகிராம் அளவே போதும், அதற்கு மேல் கூட்டினால் வலிக்கு லாபம் கூடுவதில்லை. அமிட்ரிப்டிலின் உட்பட மற்ற பலவற்றுக்கு உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று போதாது. பல ஆய்வுகள் சில வாரங்களே நடந்தவை. வருடக்கணக்கில் சாப்பிட்டால் எப்படி என்பதற்குத் தெளிவான பதில் இல்லை.

நம் பாஷையில் சொன்னால், சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குச் சுமாராக, சிலருக்குக் கேட்கவே கேட்காது. வலி அடியோடு போகாது. பத்துக்கு ஏழாக இருந்த வலி ஐந்துக்கு இறங்கினால் அதுவே நல்ல பலன். அந்த இரண்டு புள்ளியில்தான் ராத்திரித் தூக்கமும், தெருமுனை வரை நடையும் அடங்கியிருக்கின்றன.

இன்னொன்று. இது மூட்டைச் சரிசெய்யும் மருந்து அல்ல. முட்டித் தேய்மானத்துக்குத் தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் அஸ்திவாரம். ருமட்டாய்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தை விடவே கூடாது. வலி குறைந்ததே என்று அதை நிறுத்தினால் மூட்டு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

மாத்திரை எழுதும்போதே இவற்றைச் சொல்லிவிடுங்கள்:

* கண்ணில் கிளாக்கோமா, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்பில் கோளாறு. இவர்களுக்கு அமிட்ரிப்டிலின் தொல்லை தரலாம்.
* ஈரல் நோய், கடுமையான சிறுநீரகக் கோளாறு, குடிப் பழக்கம். இவர்களுக்கு டுலாக்ஸிடின் ஒத்து வராது. பிளட் பிரஷர் உள்ளவர்கள் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.
* டிரமடால் என்ற வலி மாத்திரை. இது இந்த மருந்துகளோடு சேர்ந்தால் சிலருக்கு நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வரும். அவசர நிலைமை அது.
* டைக்ளோஃபெனக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், ஆஸ்பிரின், ரத்தத்தை இளக்கும் மருந்துகள். இவற்றோடு டுலாக்ஸிடின் அல்லது செர்ட்ராலின் வகை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு அபாயம் கூடும். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஓடுங்கள்.
* முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாத சுறுசுறுப்பு, கண்மூடித்தனமான செலவு என்று சில நாட்கள் இருந்ததுண்டா? இருமுனை மனநிலைக் கோளாறாக இருந்தால் இந்த மருந்துகளே அதைத் தூண்டிவிடும்.

சிறு தொந்தரவுகள் எதிர்பார்க்க வேண்டியவைதான். அமிட்ரிப்டிலினால் வாய் வறட்சி, மலச்சிக்கல், காலையிலும் ஒரு மயக்கம். டுலாக்ஸிடினால் முதல் வாரத்தில் குமட்டல், வியர்வை. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். கேப்சூலைப் பிரித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போக எழும்போது சட்டென்று எழாமல், ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்து பிறகு எழுந்தால் தலைசுற்றி விழுவதைத் தவிர்க்கலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்த மருந்துகளை ஆரம்பித்தால், முதல் சில வாரம் மனநிலை மாற்றத்தை வீட்டார் கவனிக்க வேண்டும்.

அமிட்ரிப்டிலின் அளவுக்கு மீறிப் போனால் இதயத்தைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மனம் உடைந்திருப்பவர் வீட்டில் இருந்தால் மாத்திரை அட்டை இன்னொருவர் கையில் இருக்கட்டும்.

அடிக்கடி கேட்கிற கேள்விகள்

"இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனா?"

இல்லை. டோஸைக் கூட்டிக் கூட்டிக் கேட்கும் போதைப் பழக்கம் இதில் வராது. ஆனால் உடம்பு இதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வு வரலாம். அதனால் டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

"நாலு நாள் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லையே?"

வலி மாத்திரை மாதிரி அரை மணி நேரத்தில் வேலை செய்வது இல்லை இது. வலிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மனச்சோர்வு நன்றாகத் தெளிய ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். வேதனை என்னவென்றால் தொந்தரவுகள் முதலில் வரும், பலன் பிறகு வரும். அந்த இடைவெளியில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

"ஆயுசு பூரா சாப்பிடணுமா?"

வேண்டியதில்லை. சரியான டோஸில் மூன்று மாதம் சாப்பிட்டும் வலி இறங்கவில்லை என்றால், டாக்டரிடம் சொல்லி மெல்ல நிறுத்துவதுதான் நியாயம். மனச்சோர்வுக்காக என்றால், தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள்.

கிளினிக்கில் இருந்து எழுவதற்கு முன்...

நான்கே நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டு வாருங்கள். இது என் வலிக்கா, தூக்கத்துக்கா, மனசுக்கா? எத்தனை வாரத்தில் பலன் தெரியும்? நான் போடும் மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா? எப்போது, எப்படி நிறுத்துவது? கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் வேண்டாம். தெரிந்து சாப்பிடும் நோயாளிதான் ஒழுங்காகச் சாப்பிடுவார்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'சும்மா அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதற்குப் பதில், 'இன்னிக்கு எப்படி இருக்கு? பத்து நிமிஷம் நடந்துட்டு வருவோமா?' என்று கேளுங்கள். கூட நடக்க ஓர் ஆள் இருந்தால் தொடைத் தசைக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

நம் அத்தைக்கு என்ன ஆயிற்று? மருமகள் அதே டாக்டரிடம் அழைத்துப் போனாள். கடையில் வாங்கிய வலி மாத்திரையை நிறுத்தி, வயிற்றையும் பிரஷரையும் சரிசெய்த பிறகு அவர் சொன்னார்: "அம்மா, உங்க முட்டியில தேய்மானம் இருக்கு. அது போட்ட சத்தம் எட்டு வருஷமா நிக்கவே இல்லை. அந்தச் சத்தத்தைக் குறைக்கத்தான் இந்த கேப்சூல். உங்களுக்குப் பைத்தியம்னு நான் ஒருநாளும் நினைக்கலை."

சாமி அலமாரிக்குப் பின்னால் இருந்த அட்டை வெளியே வந்தது. முதல் வாரம் குமட்டல். இரண்டாவது வாரம் 'ஒண்ணும் இல்லையே' என்ற சலிப்பு. ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலை, மருமகள் காபியோடு வந்தபோது அத்தை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். மணி ஆறரை.

வலி போய்விட்டதா என்றால், இல்லை. மாடிப்படி இன்னும் சிரமம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார். மெடிக்கல் ஷாப்காரர் எப்படிப் பார்த்தாலும், இப்போது தானே கேட்டு மாத்திரை வாங்குகிறார்.